ஷாத்தோநெஃப் து பாப்: ஆறு விதிகளும் பதின்மூன்று திராட்சைகளும்

பிரான்சின் தெற்கே, ரோன் ஆறு மத்தியதரைக் கடலை நோக்கி இறங்கும் வழியில், ஒராஞ்ச் நகருக்கும் அவிஞ்ஞோனுக்கும் நடுவே ஒரு சிற்றூர் இருக்கிறது. இரண்டாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் ஊர். பெயர் ஷாத்தோநெஃப் து பாப். ஊர்ப் பெயரிலேயே விற்கும் அதன் ஒயின் இன்று உலகத்தின் பெருநகரங்களில் எல்லாம் கிடைக்கிறது. பெரும்பாலும் சிவப்பு, திராட்சையின் சர்க்கரை ஏறக்குறைய முழுவதும் நொதித்துத் தீர்ந்துவிட்ட, இனிப்பில்லாத ஒயின். பல வகைத் திராட்சைகளைக் கலந்து செய்வதுதான் அங்கே வழக்கம்.

நூறு ஆண்டுகளுக்கு முன்னால் இதன் நிலைமை வேறு. ஊரில் விளைந்த ஒயினில் பெரும்பங்கு பீப்பாய் பீப்பாயாக வடக்கே பர்கண்டிக்குப் போனது. குளிர்ப் பிரதேசத்தில் சரியாகப் பழுக்காத திராட்சையில் செய்த வெளிறிய ஒயினுக்குத் தெம்பு ஏற்ற அதைச் சேர்த்தார்கள். வியாபாரிகள் அதற்கு ‘மருந்து ஒயின்’ என்றே பெயர் வைத்திருந்தார்கள். இன்னொரு பக்கம், இந்த ஊரில் விளையவே விளையாத ஒயின் இந்த ஊர்ப் பெயரை ஒட்டிக்கொண்டு சந்தையில் திரிந்தது.

1923இல் தொடங்கி 1936க்குள், பிரான்சின் ஒயின் சட்டத்துக்கே முன்மாதிரி என்று சொல்லும் அளவுக்கு இந்த ஊர் வந்துவிட்டது. எப்படி என்று கேட்டால் வழக்கமாகச் சொல்லப்படுபவை போப்பாண்டவர், கூழாங்கல், வெயில். மூன்றும் பொய்யில்லை. ஆனால் மூன்றும் 1923க்கு முன்னாலும் அங்கேயே இருந்தவை. புதிதாக வந்தது, விவசாயிகள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட விதிகள். அவற்றில் எழுதியதைவிட எழுதாமல் விட்ட ஒன்றுதான் இன்றுவரை அந்த ஒயினைக் காப்பாற்றுகிறது என்பது என் கணிப்பு.

போப்பும் கூழாங்கல்லும்

போப்பாண்டவர் கதையை முதலில் முடித்துவிடலாம். 1309இல் ஐந்தாம் கிளமென்ட் அவிஞ்ஞோனுக்கு வந்தார். 1377 வரை ஏழு போப்புகள் அங்கிருந்து ஆண்டார்கள். இரண்டாமவரான இருபத்திரண்டாம் ஜான் இந்த ஊர்க் குன்றின் மேல் ஒரு கோட்டை கட்டினார். 1944 ஆகஸ்டில் பின்வாங்கிய ஜெர்மன் படை வெடி வைத்தது போக, கோபுரத்தின் ஒரு பக்கச் சுவர் மட்டும் இன்றும் நிற்கிறது. ஊரின் பழைய பெயர் ஷாத்தோநெஃப் கால்செர்னியே. அங்கே இருந்த சுண்ணாம்புக் காளவாய்களால் வந்த பெயர். ‘போப்பின்’ என்று பொருள்படும் ‘து பாப்’ என்ற அடைமொழி அதிகாரபூர்வமாக ஒட்டியது 1893இல்தான். அவிஞ்ஞோன் போப்புகளின் மேசைக்கு பர்கண்டியில் உள்ள போன் என்ற ஊரின் ஒயினும் தாராளமாக வந்துகொண்டிருந்தது என்பதை விளம்பரங்களில் யாரும் போடுவதில்லை.

கூழாங்கல் விஷயம் இன்னும் கொஞ்சம் வலுவானது. ஆல்ப்ஸ் மலையிலிருந்து பழைய ரோன் ஆறு உருட்டிக் கொண்டுவந்த குவார்ட்சைட் கற்கள், சில இடங்களில் மண்ணே தெரியாத அளவுக்குப் பரவிக் கிடக்கின்றன. பகலில் சூடேறி இரவில் அந்தச் சூட்டை விடுகின்றன. அடியில் இருக்கும் களிமண் காய்ந்துவிடாமலும் மூடி வைக்கின்றன. ஆண்டுக்குச் சுமார் 2,800 மணி நேரம் வெயில் அடிக்கும் இடத்தில், இரவிலும் சூடு கொடுக்கும் கல் ஒரு வரமா என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. மிஸ்ட்ரால் என்ற வறண்ட வடகாற்று வீசி ஈரத்தை உலர்த்துவதால் பூஞ்சை நோய் குறைகிறது. அதன் பங்கு கல்லின் பங்குக்குக் குறைந்ததில்லை. இந்தப் பகுதியின் மிகப் புகழ்பெற்ற தோட்டங்களில் ஒன்றான ராயாஸில் கூழாங்கல்லே கிடையாது. வெறும் மணல், அதுவும் பல துண்டு நிலங்கள் வடக்கு நோக்கிச் சரிந்தவை, சுற்றிலும் மரங்கள்.

பூச்சி வந்தபிறகு

1860களில் ரோன் ஆற்றுக்கு அக்கரையில், கார் என்ற மாவட்டத்தில், கொடிகள் காரணம் தெரியாமல் காய்ந்தன. வேரைத் தின்னும் பிலாக்செரா என்ற பூச்சிதான் காரணம் என்று 1868இல் கண்டுபிடித்தார்கள். அமெரிக்கக் கொடிகளோடு வந்து சேர்ந்த பூச்சி அது. இந்தப் பக்கத்துத் தோட்டங்களும் தப்பவில்லை. கடைசியில் தீர்வும் அமெரிக்காவிலிருந்தே வந்தது: பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்ச்செடியின் மேல் உள்ளூர் வகையை ஒட்டுக்கட்டுவது.

எல்லாவற்றையும் புதிதாக நட வேண்டும் என்றால், எதை நடுவது என்ற கேள்வி வருகிறது. ஷாத்தோ லா நெர்த் தோட்டத்தை வைத்திருந்த கமாண்டர் துக்கோ என்ற முன்னாள் ராணுவ அதிகாரி இதை முறையாக யோசித்தவர். பத்து வகைகளைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றும் கலவையில் என்ன வேலை செய்கிறது என்று பிரித்தார். கிரெனாஷும் சான்சோவும் வெப்பமும் மென்மையும் தரும்: 20 சதவீதம். மூர்வெத்ர், சிரா, முஸ்கார்தான், வக்கரேஸ் ஆகியவை உடற்கட்டு, நிறம், நீண்டநாள் தாங்கும் தன்மை தரும்: 40 சதவீதம். கூனுவாஸும் பிக்பூலும் புத்துணர்ச்சியும் வாசனையும் தரும்: 30. மீதி 10 சதவீதம் கிளரெத், பூர்புலாங் என்ற வெள்ளைத் திராட்சைகள். சிவப்பு ஒயினில் வெள்ளைத் திராட்சை எதற்கு என்று தோன்றலாம். தெற்கின் வெயிலில் பழுத்த சிவப்புத் திராட்சை கனமாகவும் மந்தமாகவும் ஆகிவிடும், அதை லேசாக்கத்தான்.

இந்த விகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

மாப்பிள்ளையாக வந்தவர்

பூச்சி அழித்த காலத்தில் ஒயின் தட்டுப்பாடு. தட்டுப்பாடு இருந்த இடத்தில் போலி. சர்க்கரைத் தண்ணீரையும் உலர்திராட்சையையும் நொதிக்கவைத்து விற்றார்கள். பக்கத்து லாங்கதோக் பகுதியில் இதற்கு எதிராக விவசாயிகள் தெருவுக்கு வந்தார்கள். 1907 ஜூனில் மோன்பெலியேயில் லட்சக்கணக்கானவர்கள் திரண்டார்கள், நார்போனில் ராணுவம் சுட்டுச் சிலர் இறந்தார்கள். அதே மாதம் தண்ணீரும் சர்க்கரையும் சேர்ப்பதைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. 1919இல் இன்னொரு சட்டம்: ஓர் ஊர்ப் பெயருக்கு யார் உரிமையாளர் என்பதை நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு நிலைநாட்டலாம்.

சட்டம் வந்தால் போதாது, வழக்குப் போட ஆள் வேண்டும். அப்படிக் கிடைத்தவர்தான் பாரோன் பியேர் ல ருவா. ஊர்க்காரர் இல்லை. சட்டம் படித்தவர், முதல் உலகப் போரில் போர் விமானி, ஷாத்தோ ஃபோர்த்தியா தோட்டத்துப் பெண்ணை மணந்து இங்கே வந்து சேர்ந்தவர். 1923இல் விவசாயிகள் அவரிடம் போய், எங்கள் பெயரை மற்றவர்கள் திருடுகிறார்கள், நீங்கள் முன்னின்று நடத்த வேண்டும் என்று கேட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு: அடுத்தவர் மேல் வழக்குப் போடுவதற்கு முன்னால் நாம் முதலில் கட்டுப்பாட்டுக்கு வர வேண்டும்.

என் கணக்கில் எல்லாம் திரும்பிய இடம் இதுதான். திருடனைப் பிடிக்கப் போன சங்கம், முதலில் தன் உறுப்பினர்களின் கையைக் கட்டியது.

ஆறு விதிகள்

முதல் விதி நிலம். எல்லையை எப்படி வரைவது? ஊர் எல்லையைப் பின்பற்றினால் ஆற்றோரத்து வளமான வண்டல் நிலமும் உள்ளே வந்துவிடும். அங்கே திராட்சை நன்றாக விளையும். ஆனால் அந்த விளைச்சலில் நல்ல ஒயின் வராது. எனவே தைம் செடியும் லாவெண்டரும் தாமாக வளரக்கூடிய வறண்ட, சத்துக் குறைந்த நிலம் மட்டுமே தகுதி என்று வைத்தார்கள். செடியையே சாட்சியாக வைத்தது கெட்டிக்காரத்தனம். செடி பொய் சொல்லாது, வட்டாட்சியர் பட்டா மாதிரி அதைத் திருத்தவும் முடியாது. இன்று அந்த எல்லைக்குள் ஐந்து ஊர்களில் பரவிய சுமார் 3,200 ஹெக்டேர் நிலம் இருக்கிறது.

இரண்டாவது, அனுமதிக்கப்பட்ட திராட்சை வகைகளின் பட்டியல். மூன்றாவது, கவாத்து முறையும் சாகுபடியும். கிரெனாஷ் போன்றவற்றைக் கம்பி கட்டாமல் குட்டையான புதராக வளர்ப்பது இங்கே வழக்கம். மிஸ்ட்ரால் காற்றுக்கு அது ஈடு கொடுக்கும்.

நான்காவதுதான் முக்கியமானது: ஒயினில் குறைந்தது 12.5 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது போதையைக் கூட்டும் விதி போலத் தெரியும். உண்மையில் இது நேர்மைக்கு வைத்த சோதனை. திராட்சைச் சாற்றில் ஒரு லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை இருந்தால் நொதித்தபின் ஒரு சதவீதம் ஆல்கஹால் வரும். 12.5க்கு 210 கிராமுக்கு மேல் வேண்டும். ஒரு கொடியில் அளவுக்கு மீறிக் காய்க்கவிட்டால் சர்க்கரை அந்த அளவுக்கு ஏறாது. சமவெளி நிலத்தில் கொள்ளை கொள்ளையாக விளைந்தாலும் ஏறாது. தண்ணீர் கலந்தால் இறங்கிவிடும். பெரும்பாலான தில்லுமுல்லுகளை ஒரே ஓர் எண் காட்டிக்கொடுத்தது.

ஐந்தாவது, அறுவடையில் குறைந்தது 5 சதவீதத்தைக் கழித்துவிட வேண்டும். விளைச்சல் அருமையாக இருந்தாலும் சரி, கழிக்கத்தான் வேண்டும். ‘இந்த வருடம் எல்லாமே நல்ல பழம்’ என்ற சாக்குக்கே இடமில்லை. ஒவ்வொரு குலையையும் கண்ணால் பார்த்துப் பிரிக்கவேண்டிய கட்டாயம் இதனால் வந்தது. இன்றைக்கும் இங்கே அறுவடை கையால்தான். இயந்திரத்துக்கு அனுமதி இல்லை.

ஆறாவது, இந்தப் பெயரில் ரோஸே என்ற இளஞ்சிவப்பு ஒயின் செய்யக்கூடாது. ஆற்றுக்கு அக்கரையில் தாவெல் என்ற ஊர் ரோஸேயால் மட்டுமே வாழ்கிறது, இங்கே அது தடை. தரம் குறைந்த திராட்சையை இளஞ்சிவப்பாக மாற்றி அதே பெயரில் தள்ளிவிடும் பின்வாசலை அடைத்தார்கள் என்றே இதை நான் புரிந்துகொள்கிறேன்.

இவற்றோடு பின்னர் சேர்ந்த விளைச்சல் வரம்பையும் சொல்ல வேண்டும்: ஹெக்டேருக்கு 35 ஹெக்டோலிட்டர், அதாவது 3,500 லிட்டர். பாட்டில் கணக்கில் சுமார் 4,700. சாதாரண ஒயின் தோட்டங்களில் இதன் இரண்டு மடங்குக்கு மேல் எடுக்கிறார்கள். மொத்த நிலத்தையும் கணக்கிட்டால், எவ்வளவு நல்ல ஆண்டானாலும் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி பாட்டிலோடு சரி. உலகத்தில் எத்தனை பேர் கேட்டாலும் அவ்வளவுதான்.

வழக்கு பத்து ஆண்டு இழுத்தது. எல்லைக்கு வெளியே தள்ளப்பட்டவர்கள் எதிர்த்தார்கள். 1929இல் ஒராஞ்ச் நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் தீர்ப்பளித்தது. 1933இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அதற்குள் பாரோன் ல ருவாவும் செனட்டர் ழோசெஃப் கப்யூவும் சேர்ந்து நாடு முழுவதற்குமான திட்டத்துக்கு அடி போட்டுவிட்டார்கள். 1935இல் அதற்கான தேசியக் குழு அமைந்தது. 1936 மே 15 அன்று முதல் தொகுதிப் பெயர்களுக்குச் சட்டப் பாதுகாப்பு கிடைத்தது. அதில் ஷாத்தோநெஃப் து பாப்பும் ஒன்று. நமக்குப் பழக்கமான புவிசார் குறியீடு என்ற ஏற்பாட்டின் முன்னோடிகளில் இது முக்கியமானது. பழநி பஞ்சாமிர்தத்துக்கு 2019இல் கிடைத்ததும் அதே வகை உரிமைதான்.

எழுதாமல் விட்டது

பட்டியலில் முதலில் இருந்தவை பத்து வகைகள், 1936இல் பதின்மூன்றாயின. கிரெனாஷ், சிரா, மூர்வெத்ர், சான்சோ, கூனுவாஸ், வக்கரேஸ், முஸ்கார்தான், தெரே, பிக்பூல், கிளரெத், பூர்புலாங், ரூசான், பிக்கார்தான். 2009இல் ஒரே வகையின் வெவ்வேறு நிறங்களைத் தனித்தனியாக எண்ணிப் பதினெட்டு என்று எழுதினார்கள். புதிதாக எதுவும் நுழையவில்லை. தென் பிரான்சில் எங்கும் மண்டிக் கிடந்த, அமோகமாகக் காய்க்கும் காரிஞ்ஞான் இந்தப் பட்டியலில் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

துக்கோவின் வகைகளை எடுத்துக்கொண்டார்கள். அவருடைய விகிதத்தை எடுத்துக்கொள்ளவில்லை. எது எத்தனை சதவீதம் என்று விதியில் ஒரு வரிகூட இல்லை. பதின்மூன்றையும் போடலாம், ஒன்றை மட்டும் வைத்தும் செய்யலாம். ராயாஸின் சிவப்பு ஒயின் முழுக்க முழுக்கக் கிரெனாஷ். நிறம் வெளிர், வாசனை ஸ்ட்ராபெர்ரி போல. சில கிலோமீட்டர் தள்ளி குர்தெஸோனில் இருக்கும் போகாஸ்தெல் பதின்மூன்று வகைகளையும் வளர்க்கிறது; அவர்களுடைய கலவையில் மூர்வெத்ருக்குக் கிரெனாஷுக்கு இணையான இடம். அது கறுத்து, துவர்ப்போடு, தோல் வாசனையோடு வரும், பல ஆண்டு கழித்துத்தான் இளகும். இரண்டின் பாட்டிலிலும் ஒரே ஊர்ப் பெயர்.

இது விதியின் பலவீனம் என்று சொல்பவர்கள் உண்டு. பெயரைப் பார்த்தால் சுவை தெரியவேண்டாமா என்பது அவர்கள் வாதம். நான் அந்தக் கட்சி இல்லை. நிலம், விளைச்சல், பழுத்த அளவு என்று அடிமட்டத்தை இறுக்கிவிட்டு, மேலே செய்பவரின் கைக்கு விட்டதால்தான் இந்த ஊரில் ஒரே ஒயினை முந்நூறு பேர் செய்யும் அவலம் வரவில்லை. கலவை என்பது சுவைக்கு மட்டுமல்ல, காப்பீடும்தான். 2017இல் பூக்கும் காலத்தில் கிரெனாஷ் பூக்கள் உதிர்ந்து விளைச்சல் பாதாளத்துக்குப் போனது. அடுத்த ஆண்டே மழையோடு வந்த அடிச்சாம்பல் நோயும் கிரெனாஷைத்தான் அதிகம் தாக்கியது. கூனுவாஸும் மூர்வெத்ரும் வைத்திருந்தவர்களுக்கு அந்த ஆண்டுகளில் தொட்டிக்குள் ஊற்ற ஏதாவது இருந்தது.

ஆனால் சுதந்திரம் கொடுத்தால் எல்லோரும் பதின்மூன்றையும் நட்டுவிடுவார்களா என்ன? துக்கோ 20 சதவீதத்துக்குள் அடக்கிய கூட்டத்தைச் சேர்ந்த கிரெனாஷ், இன்று நிலத்தில் 70 சதவீதத்துக்கும் மேல். வறட்சி தாங்கும், காற்றுக்கு நிமிர்ந்து நிற்கும், சர்க்கரை எளிதில் ஏறும். 12.5 என்ற அந்த எண்ணே கிரெனாஷுக்குச் சாதகமாக வேலை செய்திருக்க வேண்டும். சர்க்கரை மெதுவாக ஏறும் கூனுவாஸை நட்டு யார் வம்பை விலைக்கு வாங்குவார்கள்?

விதி எட்டாத இடம்

2017இல் ரோன் பகுதியில் ஒரு பெரிய மோசடி வெளிவந்தது. ஒரு மொத்த வியாபார நிறுவனம் சாதாரண ஒயினை, ரோன் பகுதியின் பாதுகாக்கப்பட்ட பொதுப் பெயரான கோத் து ரோன் என்ற பெயரில் விற்றிருக்கிறது. 2013 முதல் 2016 வரையான காலத்தில் சுமார் 4,80,000 ஹெக்டோலிட்டர் என்று பிரான்சின் நுகர்வோர் மோசடித் தடுப்புத் துறை சொன்னது. ஷாத்தோநெஃப் பெயரும் அதில் பயன்படுத்தப்பட்டது. இது தோட்டத்தில் நடந்த தவறு அல்ல, டேங்கர் லாரிக்கும் கோப்புக்கும் நடுவில் நடந்தது. 1923இன் விதிகள் கொடியிலிருந்து தொட்டி வரை கறாராக இருக்கின்றன. தொட்டியிலிருந்து மொத்தமாக வெளியே போன பிறகு, காகிதத்தை நம்புவதைத் தவிர வழியில்லை. 1937இல் அறிமுகமான, போப்பின் மணிமுடியும் சாவிகளும் புடைப்பாகப் பொறித்த பாட்டில் இதற்கு ஓரளவு பதில். சொந்தமாகப் பாட்டிலில் அடைக்கும் விவசாயிகளுக்கு உரியது அது. வாங்குபவர் பார்க்க வேண்டியது, தோட்டத்திலேயே அடைத்தது என்று லேபிளில் இருக்கிறதா என்பதை.

இந்த ஊருக்குச் சட்டம் போடுவதில் இருக்கும் ருசிக்கு இன்னொரு சான்றும் உண்டு. 1954 அக்டோபரில் பிரான்ஸ் முழுக்கப் பறக்கும் தட்டு வதந்தி பரவியபோது, மேயர் லூசியான் ழேன் ஓர் உத்தரவு போட்டார்: எந்த நாட்டுப் பறக்கும் தட்டும் இந்த ஊர் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாது, இறங்கினால் பறிமுதல். நல்ல விளம்பரம். உத்தரவு இன்னும் ரத்தாகவில்லை.

வெயில் கூடியபோது

அன்று 12.5ஐ எட்டுவது சாதனை. இன்று பல பாட்டில்களில் 14.5, 15 என்று போட்டிருக்கிறது. கோடை நீண்டு சூடும் ஏறிவிட்டதால், கிரெனாஷின் தோலும் விதையும் பக்குவப்படுவதற்கு முன்பே சர்க்கரை எல்லை மீறிவிடுகிறது. சீக்கிரம் பறித்தால் பச்சைத் துவர்ப்பு. காத்திருந்தால் நெஞ்சைச் சுடும் ஆல்கஹால், புளிப்பும் இறங்கிவிடும். இதனால் ஒரு வேடிக்கையும் நடந்தது. 2019 அக்டோபரில் விமானத் தயாரிப்பு மானியத் தகராறு ஒன்றுக்காக அமெரிக்கா பிரெஞ்சு ஒயின்களுக்கு 25 சதவீதக் கூடுதல் வரி போட்டபோது, 14 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளவை தப்பின. ஷாத்தோநெஃப்காரர்கள் பலர் அன்று வெயிலுக்கு நன்றி சொல்லியிருப்பார்கள். 2021 ஜனவரியில் அந்தச் சலுகையும் போனது, ஓரிரு மாதத்தில் வரியே நிறுத்தி வைக்கப்பட்டது.

சூட்டுக்கு என்ன செய்வது என்ற கேள்வியில்தான் எழுதாமல் விட்ட அந்த வரி உதவுகிறது. பிரான்சின் இன்னொரு பெரிய ஒயின் பகுதியான பொர்தோவை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே வெப்பத்தைத் தாங்கும் ஆறு புதிய வகைகளை நட 2021இல்தான் அனுமதி கிடைத்தது. நிலத்தில் 5 சதவீதம், கலவையில் 10 சதவீதம் என்ற வரம்போடு. ஷாத்தோநெஃப்பில் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. புளிப்பைத் தக்கவைக்கும் பிக்பூல், ஆல்கஹால் குறைவாகத் தரும் கூனுவாஸ், வறட்சியைத் தாங்கி லேசான வாசனை தரும் சான்சோ, கொஞ்சம் பூர்புலாங் எல்லாமே 1936 பட்டியலில் இருக்கின்றன. வெள்ளைத் திராட்சையைச் சிவப்போடு சேர்த்தே நொதிக்கவைக்கும் பழைய வழக்கத்துக்குச் சில தோட்டங்கள் திரும்பிக்கொண்டிருக்கின்றன. மூர்வெத்ருக்கு இன்னொரு சிக்கல்: தலையில் வெயிலும் காலில் தண்ணீரும் கேட்கும் கொடி என்று அதைச் சொல்வார்கள். வெயில் இருக்கிறது, தண்ணீர் குறைகிறது. எனவே களிமண் அடியில் உள்ள துண்டுகளில் மட்டும்தான் அது சரிப்படும்.

இதெல்லாம் சொல்வதற்கு எளிது. நட்ட கொடி பெயருக்கு உரிய ஒயின் தர நாலைந்து வருடம் ஆகும், ஆழமான ஒயின் தர இருபது முப்பது. நிலத்தில் நிற்பவையோ பெரும்பாலும் கிரெனாஷ், அதில் பல எழுபது எண்பது வயதானவை. மிகச் சிறந்த ஒயின் வருவதும் அந்தக் கிழட்டுக் கொடிகளிலிருந்துதான். அவற்றைப் பிடுங்கிவிட்டுக் கூனுவாஸ் நட எந்த விவசாயிக்கும் மனம் வராது. நானாக இருந்தாலும் பிடுங்க மாட்டேன். எனவே மாற்றம், கொடி பட்டுப்போன இடத்தில் ஒவ்வொன்றாக நடுவதாகத்தான் இப்போதைக்கு நடந்துகொண்டிருக்கிறது.